‘உங்கள் பாடம் எது?’

1858-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அயர்லாந்துக் கரையையும் நியூபவுண்ட்லாந்துக் கரையையும் கடலுக்கடியில் இணைத்த தந்திக் கம்பி வழியாக விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தியில் இருந்த வார்த்தைகள் 98; அது அக்கரை போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரமோ 16 மணி. தரையில் நட்ட கம்பங்களின் மேல் கண்சிமிட்டும் பொழுதில் ஓடுகிற மின்சாரம் கடலடியில் மட்டும் இப்படி நொண்டி நடப்பானேன் என்று பலர் திகைத்தபோது, அதில் திகைப்பதற்கு ஒன்றுமில்லை என்று அறிந்திருந்தவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையின் பேராசிரியர் வில்லியம் தாம்ஸன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர். செப்புக் கம்பியும், அதைச் சுற்றிய கட்டாபெர்ச்சா என்னும் பிசின் உறையும், உறைக்கு வெளியே உப்புநீருமாக அமைந்துவிட்ட ஒரு நெடுங்கம்பி, ஒரு முனையில் செலுத்திய மின்சாரத்தை மறுமுனைக்கு அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. வழிநெடுகிலும் உறையின் இருபுறமும் கொஞ்சங் கொஞ்சமாக அதைத் தேக்கிவைத்துக்கொண்டே போகிறது. ஆதலால் கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று அவர் 1855-லேயே கணக்கிட்டு எழுதியிருந்தார்.

அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மறுத்தவர், கடலடிக் கம்பியைப் போட்ட கம்பெனியின் மின்சாரப் பொறுப்பை வகித்த ஒயில்ட்மன் ஒயிட்ஹவுஸ். அவர் தொழிலால் அறுவை வைத்தியர். சொந்த ஆர்வத்தால் மின்சாரப் பரிசோதனைகளில் இறங்கி, பேரும் சம்பாதித்து, தாம்ஸனுடைய விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று பகிரங்கமாக வாதித்தவர். செய்தி மெதுவாகப் போகிறதென்றால் பின்னால் பலமாகத் தள்ளினால் போகிறது என்ற நினைப்பில் அவர் ஏறக்குறைய 2000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பியில் செலுத்தினார். மூன்று வாரங்களுக்குள், ஏற்கெனவே பழுதுபட்டிருந்த அந்தக் கம்பி ஊமையாகிவிட்டது. நிலைத்து நின்ற அட்லாண்டிக் கம்பியைப் பார்க்க உலகம் 1866 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒரு துறையில் பயின்றவன் மற்றொரு துறையில் கால் வைப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிற நான், கால் வைத்து வழுக்கி விழுந்தவரின் கதையிலிருந்து தொடங்குவது என் கட்சிக்கே விரோதம்போலத் தோன்றலாம். ஆனால் அதே கடலடிக் கம்பியின் கணக்கைப் பற்றிக்கொண்டுதான், நூறு வருஷங்களுக்குப் பிறகு வேறொருவர் பௌதிகத்திலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து கணினிக்கும் நடந்து சென்றார். அவர் வழுக்கவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் என்ன என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

வில்ஃப்ரிட் ரால் என்ற பெயரைத் தமிழ் வாசகர்களில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நோபல் பரிசு பெற்றவரல்லர். ஜனரஞ்சகமான புத்தகம் எழுதியவருமல்லர். 1922-இல் பிறந்து, யேல் சர்வகலாசாலையில் பௌதிகம் படித்து 1943-இல் பட்டம் பெற்றார். யுத்த காலமாகையால், அணுகுண்டுத் திட்டத்தின் சிகாகோ கிளையில் அணுக்களை எடை பிரித்தறியும் யந்திரங்களோடு மூன்று வருஷம் கழிந்தது. யுத்தம் முடிந்தபோது அவருடைய வயதும் படிப்பும் உள்ள மற்றவர்களுக்கு அணுசக்தித் துறையில் ராஜபாட்டை திறந்திருந்தது. அவரோ அதே சிகாகோவில் கென்னத் கோல் என்ற ஆசிரியரிடம் போய் மாணவராக உட்கார்ந்தார். கோலும் பௌதிகத்திலிருந்து உயிரியலுக்கு வந்தவரே. உட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில், கணவாய் மீனின் உடலிலுள்ள தடித்த நரம்பிழையை வெளியே எடுத்து, அதில் மின்முனையைச் செருகி அளப்பது அவர்களுடைய கோடைக்கால வேலை. குழம்பு வைக்கிற கணவாயில் அப்படி ஒரு பொக்கிஷம் இருப்பது நம்முடைய கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள். மனித உடம்பிலுள்ள நரம்பிழைகளைவிடப் பல மடங்கு பருமனான, வெறுங்கண்ணுக்கே தெரிகிற இழை அது.

நரம்பிழையை நெருங்கிப் பார்த்தால் அது தாம்ஸனுடைய கம்பிதான். உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் உப்புக் கரைசல். சுற்றிலும் மெல்லிய சவ்வு. வெளியே மறுபடியும் உப்புநீர். செம்புக்குப் பதில் உப்புக் கரைசல், கட்டாபெர்ச்சாவுக்குப் பதில் கொழுப்புச் சவ்வு, அவ்வளவே. சவ்வு கொஞ்சம் ஒழுகும் என்பது மட்டும் விசேஷம். 1946-இல் ஹாட்ஜ்கின், ரஷ்டன் என்ற இரு விஞ்ஞானிகள் சிங்க இறாலின் நரம்பை அளந்து, தந்திக் கம்பியின் சமன்பாடு அதற்கு எவ்வளவு நுட்பமாகப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். ஆனால் நீண்டு செல்லும் இழை நரம்பணுவின் ஒரு பாதிதான். அணுவின் மற்றொரு புறத்தில், ஆலமரத்தைக் கவிழ்த்தாற்போல ஆயிரம் கிளைகள் விரிகின்றன. மற்ற அணுக்களிலிருந்து வரும் செய்திகளெல்லாம் அந்தக் கிளைகளின்மீதே வந்து இறங்குகின்றன. டெண்ட்ரைட் என்று சாஸ்திரக்காரர்கள் சொல்லும் அந்தக் கிளைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அப்போது யாருக்கும் துணிவில்லை. கிளைகள் கணக்குக்கு அடங்காதவை; ஆகவே இல்லாதவை என்று பாவித்துவிடுவது சௌகரியமாக இருந்தது.

1949-இல் ரால் நியூஸிலாந்தின் டுனீடின் நகரத்துக்குக் கப்பலேறினார். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஜான் எக்கிள்ஸின் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. அந்தக் கூடத்தில்தான் 1951-இல், மயிரிழையினும் மெல்லிய கண்ணாடி ஊசியைப் பூனையின் முதுகுத்தண்டிலுள்ள நரம்பணுவுக்குள்ளேயே நுழைத்து மின்னழுத்தத்தை அளந்தார்கள். ரால் அங்கே கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்திருக்கவில்லை. தாமே பரிசோதனைகள் செய்து, 1953-இல் உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பௌதிகத்தில் பட்டமும், அணு ஆராய்ச்சியில் அனுபவமும் உள்ள ஒருவர், முப்பது வயதில், பூனையின் முதுகுத்தண்டைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தார் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் தகராறு வந்தது. எக்கிள்ஸும் அவர் சகாக்களும் நரம்பணுவை ஓர் உருண்டையாகக் கொண்டு, ஊசியால் செலுத்திய மின்சாரம் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்று அளந்தார்கள். வேறொரு நரம்பிலிருந்து வந்த செய்தி எழுப்பிய மின்னழுத்தமோ அதைவிட மெதுவாகத் தணிந்தது. இந்த முரண்பாட்டுக்கு அவர்கள் கண்ட சமாதானம், செய்தியைக் கொண்டுவந்த ரசாயனப் பொருள் உடனே மறையாமல் சற்று நேரம் தங்கியிருந்து வேலை செய்கிறது என்பது. ரால் 1957-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், தங்கியிருப்பது எதுவுமில்லை, நீங்கள் மறந்துவிட்ட கிளைகளுக்குள் மின்சாரம் பரவிப் போகிறது, ஆகையால் உங்கள் முதல் அளவே பிழையாகிவிட்டது என்று காட்டினார். ஆசானை எதிர்த்து மாணவன் சொன்ன வார்த்தை. அதுவும் ஊசி பிடிக்கிறவர்களிடத்தில் கணிதத்தால் சொன்ன வார்த்தை. அடுத்து அவர் எழுதிய விரிவான கட்டுரையை ஒரு பிரபல சஞ்சிகை நிராகரித்தது. 1959-இல், அந்த வருஷமே தொடங்கிய வேறொரு சஞ்சிகையில் அது பிரசுரமாயிற்று.

அந்த வேலையின் அழகை வாசகர்களுக்குச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிளை இரண்டாகப் பிரியும்போது, தாய்க்கிளையின் விட்டத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி வருகிற எண்ணும், சேய்க்கிளைகளின் விட்டங்களை அவ்வாறே உயர்த்திக் கூட்டினால் வருகிற எண்ணும் சமமாக இருக்குமானால், மின்சாரத்தின் கண்ணுக்கு அந்தக் கவை இருப்பதே தெரியாது. பிரிவுதோறும் இவ்விதி நின்று, நுனிகளும் சமதூரத்தில் அமைந்துவிட்டால், ஆயிரம் கிளைகள் விரிந்த விருட்சம் முழுவதும் கணக்கில் ஒரே ஓர் உருளையாகச் சுருங்கிவிடும். கணக்குக்கு அடங்காது என்று ஒதுக்கிய மரம், தாம்ஸனுடைய கம்பியில் ஒரு துண்டாக வந்து உட்கார்ந்துவிட்டது! எல்லா நரம்பணுக்களும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதும் ராலுக்குத் தெரியும். கட்டுப்படாதவற்றுக்கு வேறு வழி கண்டார். அந்த வழிதான் அவரைக் கணினியிடம் கொண்டுபோய் விட்டது.

இங்கே ஒரு வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் பெதஸ்டா நகரத்திலுள்ள தேசிய சுகாதார ஆய்வு நிலையங்களில் ரால் சேர்ந்து, தம் ஆயுட்கால வேலையைச் செய்த இடம் மூளைக்கான நிலையமல்ல. மூட்டுவாதத்துக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கும் ஏற்பட்ட நிலையம்! அதற்குள் கணித ஆராய்ச்சிக்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. ராலுக்கு நாற்காலி போட்டது அந்த அலுவலகந்தான். அதே அலுவலகத்தில் மோனஸ் பெர்மன் என்பவர், உடம்புக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருள் எந்த உறுப்பில் எவ்வளவு தங்கி எங்கே போகிறது என்று கணக்கிடுவதற்காக, உடம்பைப் பல அறைகளாகப் பிரித்துக் கணினியில் ஓட்டும் முறையொன்றை ஏற்படுத்தியிருந்தார். ரால் அதை வாங்கி, நரம்பணுவின் கிளைகளை அறை அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி என்று வைத்து, 1964-இல் கணினியில் ஓட விட்டார். மூட்டுவாதக் கட்டடத்தில் மூளையின் கணிதம் பிறந்தது. இன்று உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தில் யார் ஒரு நரம்பணுவைக் கணினியில் கட்டினாலும், பெரும்பாலும் அந்த அறைகளைத்தான் கட்டுகிறார்கள்.

இத்தகைய கணக்கு வெறும் விளையாட்டல்ல என்பதற்கு ருசு நான்கு வருஷங்களுக்குள் கிடைத்தது. வாசனையை வாங்கி ஆராயும் மூளைப் பகுதியில், ஆக்ஸான் என்னும் நீளிழையே இல்லாத ஒரு வகைச் சிற்றணு உண்டு. செய்தியை அனுப்பும் இழை இல்லாத அணு எப்படிப் பேசும்? ராலும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் கார்டன் ஷெப்பர்டும் தங்கள் கணக்கை ஓட்டிப் பார்த்து, கிளைகள் செய்தியை வாங்க மட்டுமே பிறந்தவை என்ற பழைய சித்தாந்தத்துக்கு மாறாக, இந்தச் சிற்றணு தன் கிளைகளாலேயே செய்தி அனுப்புகிறது, அதுவும் எந்த இடத்தில் வாங்குகிறதோ அதே இடத்திலிருந்து திருப்பி அனுப்புகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே ஸ்தாபனத்தில், எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் அந்தப் பகுதியைப் படமெடுத்துக்கொண்டிருந்த ரீஸும் பிரைட்மனும், இரு கிளைகளுக்கு நடுவே இரு திசையிலும் செய்தி மாறும் விசித்திரமான சந்திகளைத் தங்கள் படங்களில் கண்டிருந்தார்கள். கணக்கும் படமும் 1966-இல் நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் கைகோத்தன. முழு விவரத்தை ராலும் ஷெப்பர்டும் 1968-இல் எழுதினார்கள்.

பௌதிகம், யுத்தகால யந்திரங்கள், கணவாய், பூனை, தந்திக் கம்பி, கதிரியக்கக் கணக்கு, கணினி. இவற்றில் எது ராலுடைய பாடம்? அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு, பதில் சரியில்லை என்று கதவைச் சாத்தவில்லை. ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதுகூட அல்ல. ஒயிட்ஹவுஸ் மின்சாரத்துக்கு வந்தபோது தம் புகழை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தார். தமக்குத் தெரியாத கணிதத்தைத் தெரிந்தவனிடம் கற்காமல், அந்தக் கணிதத்தையே பொய் என்றார். ரால் நரம்புக்கு வந்தபோது கடைசி பெஞ்சில் மாணவராக உட்கார்ந்தார். பல துறைகளில் சஞ்சரிப்பது என்று நாம் வியந்து பேசுகிற குணத்தின் உயிர்நாடி, வளர்ந்த மனிதன் ஒருவன் வெட்கப்படாமல் மறுபடியும் மாணவனாவதில் இருக்கிறது. அப்படி ஆவதற்கு அவனுக்கு ஓர் இடமும் சோறும் கிடைப்பதிலும் இருக்கிறது.

வெள்ளைக்காரர் கதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நம் கிண்டியில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்த கோ. ந. இராமச்சந்திரன், 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கே ஸி. வி. ராமனைக் கண்டபின் பௌதிகத்துக்கே திரும்பிவிட்டார். கேம்பிரிட்ஜ் போய் வந்து, 1952-இல், முப்பது வயது நிரம்புமுன்பே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார், துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாருக்கு அந்த இளைஞரைச் சிபாரிசு செய்தவர் ராமன். அப்போது சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல், தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கி நிற்கிற கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை யாரும் திருப்தியாகக் கண்டறியவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிப் போனார். பௌதிகத் துறைக்கு அடுத்தாற்போலவே தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இது காதில் விழுந்தது தெய்வ சங்கற்பம் என்று பழைய காலத்தார் சொல்லியிருப்பார்கள். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ்ரேயால் ஆராய்ந்து, அது மூன்று புரிகள் ஒன்றையொன்று தழுவிய கயிறு என்று இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள்.

இங்கேயும் ஆட்சேபம் எழுந்தது. ஆட்சேபித்தவர்களில் ஒருவர் சாமானியரல்லர், டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட இருவரில் ஒருவரான பிரான்ஸிஸ் கிரிக். உங்கள் கயிற்றில் சில அணுக்கள் நெருங்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது கேள்வி. மற்றொருவராக இருந்தால் பதிலுக்குப் பதில் எழுதித் தீர்த்திருப்பார். இராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டு, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம், அந்த வரம்புக்குள் ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று, இராமகிருஷ்ணனையும் சசிசேகரனையும் துணைக்கொண்டு கணக்கிட்டுத் தீர்த்தார். 1963-இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் பெயரிட்டது. இன்றைக்குக் கணினி ஊகித்துச் சொல்லும் புரத வடிவங்களையும், அவை இயற்கைக்கு ஒத்தவையா என்று அறிய அந்தக் கிண்டிப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். கணிப்பு உயிரியல் என்ற பெயர் வழக்குக்கு வருமுன்னரே அதன் அஸ்திவாரக் கற்களில் ஒன்றை நம்மவர் சென்னையில் நாட்டிவிட்டார். பிறகு 1971-இல் இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ்ரே நிழல்களைக் கொண்டு உடம்பின் உள்வெட்டுப் படத்தைக் கட்டியெழுப்பும் கணித முறையொன்றை எழுதினார். ஸ்கேன் யந்திரங்களைப் பற்றிய பாடப்புத்தகங்களில் இருவர் பெயரும் சேர்த்துச் சுருக்கிய ‘ராம்-லாக்’ இன்றும் நிற்கிறது. விட்டுப்போன மின்பொறியியல் முப்பது வருஷம் கழித்து வந்து தன் கடனை வசூலித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றும்.

சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணனின் கதை பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அதில் ஒரு கட்டத்தை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. 1976-இல் அமெரிக்காவில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், அந்தப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, கலிபோர்னியாவில் உயிரியல் மாணவராகப் புதிதாகச் சேர்ந்து, தம்மைவிடச் சிறியவர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார். இரண்டு வருஷத்தில் வேண்டியதைக் கற்றுக்கொண்டு, இரண்டாவது பட்டத்துக்குக் காத்திராமலே ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். உயிரணுவுக்குள் புரதங்களைக் கட்டும் ரைபோசோமை ஆராய்ந்ததற்காக அவருக்கு 2009-இல் கிடைத்தது ரசாயனத்துக்கான நோபல் பரிசு, பௌதிகத்துக்கல்ல, உயிரியலுக்குமல்ல. புரத வடிவங்களைக் கணினியால் ஊகித்ததற்காக 2024-இல் அதே ரசாயனப் பரிசில் பங்கு பெற்ற டெமிஸ் ஹஸபிஸ், கணினி விளையாட்டுகள் செய்து விற்ற கம்பெனியை 2005-இல் மூடிவிட்டு, ஏறக்குறைய முப்பது வயதில் லண்டனில் நினைவாற்றலைப் பற்றி ஆராயும் மாணவராகச் சேர்ந்தவர். அங்கே போகாமல் நேரே புரதத்துக்கு வந்திருக்க முடியாதா என்று கேட்கலாம். வந்திருக்கலாம். வந்தாரில்லை என்பதே நமக்குத் தெரியும்.

இனி நம் வீட்டுக் கதை. எனக்கு நெருங்கிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண், மின்னணுவியலில் பொறியியல் பட்டம் பெற்று, மருத்துவப் பொறியியலில் மேற்பட்டமும் பெற்று, உறக்கத்தில் மூளை எழுப்பும் மின்னலைகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டரானாள். பிறகு இரண்டு வருஷம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மரபணுக்களின் தரவுகளைக் கணினியில் அலசினாள். மூன்று துறைகளிலும் அவளுக்கு உழைப்புண்டு. ஆசிரிய உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்ட இடங்களில் மட்டும் அவளுக்கு ஊரில்லை. பொறியியல் கல்லூரிக்காரர்கள், உன் ஆராய்ச்சி உயிரியல் என்றார்கள். உயிரியல் துறைக்காரர்கள், உன் முதல் பட்டம் பொறியியல் என்றார்கள். சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் அவளுடைய மேற்பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்று எங்கே என்று கேட்டார்கள். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவள், காபியைக்கூடத் தொடாமல், “எல்லாரும் ஒரே கேள்விதான் மாமா கேக்கறாங்க, உங்க சப்ஜெக்ட் என்னன்னு. நான் என்னன்னு சொல்றது?” என்றாள். எனக்கு ரால் நினைவுக்கு வந்தார். அவர் என் நினைவுக்கு வந்து அவளுக்கு என்ன பிரயோஜனம்?

இந்த இணைத்தன்மை என்ற வார்த்தையின் பாரத்தை அதில் மாட்டிக்கொண்டவர்களே அறிவார்கள். இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன பட்டம், அரசு உத்தியோகத்தைப் பொறுத்தவரையில், இன்ன பட்டத்துக்கு இணையானது, இன்னதற்கு இணையானதல்ல என்று உயர்கல்வித் துறை அவ்வப்போது அரசாணை பிறப்பிக்கிறது. பெயரில் ஒரு சொல் கூடிவிட்டால், குறைந்துவிட்டால், ஐந்து வருஷப் படிப்பு ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. கல்லூரிகள் புதுப் புதுப் பெயர்களில் பட்டங்களைத் திறந்துகொண்டே போகின்றன. அரசாணை பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வருகிறது.

ஆயினும் இந்த விதிகளை வகுத்தவர்களை மூடர்கள் என்று திட்ட எனக்குச் சம்மதமில்லை. சிபாரிசுக் கடிதம் சட்டத்தைவிட வேகமாக ஓடுகிற தேசத்தில், சிபாரிசு இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, எழுத்தில் இருக்கிற வறட்டு விதி ஒன்றே துணை. ‘சம்பந்தப்பட்ட பாடம்’ என்ற நிபந்தனையைத் தளர்த்தி, தேர்வுக்குழுவின் விவேகத்துக்கு விட்டுவிட்டால், அந்த விவேகம் யாருடைய மருமகனுக்குச் சாதகமாகத் திறக்கும் என்று நமக்குத் தெரியாதா? துறை விட்டுத் துறை தாவுகிறவர்களிலும் ரால்களைவிட ஒயிட்ஹவுஸ்களே அதிகம் என்பதும் உண்மை. இரண்டு வாரப் பயிலரங்கில் கலந்துகொண்டு, மூன்றாவது வாரத்திலிருந்து செயற்கை நுண்ணறிவு நிபுணர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்பவர்களை நாம் தினந்தோறும் பார்க்கிறோம்.

ஆகவே விதியைத் தளர்த்து என்று மட்டும் கோஷம் போடுவதில் பயனில்லை. 2025 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளில், இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் வேறு பாடங்களில் இருந்தாலும், தேசியத் தகுதித் தேர்வோ டாக்டர் பட்டமோ எந்தப் பாடத்தில் பெற்றாரோ அதைக்கொண்டு ஒருவர் ஆசிரியராகலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதே வரைவில் துணைவேந்தர் நியமனத்தில் மாநிலத்தின் கையைக் கட்டும் பிரிவும் இருந்தது. தமிழ்நாடு அதை எதிர்த்தது, எதிர்க்க வேண்டியதே. அந்தப் பெரிய சண்டையின் புழுதியில் இந்தச் சிறிய ஏற்பாட்டின் நன்மை தீமைகளைத் தனியே எடுத்துப் பேச ஆளில்லாமற் போயிற்று. என் அபிப்பிராயத்தில் அது பாதி நன்மை. கதவைக் கொஞ்சம் திறக்கிறது. ஆனால் கதவுக்கு உள்ளே பெஞ்சு போடவில்லை.

பெஞ்சு என்றால் என்ன? 1945-லிருந்து அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் டெல்ப்ரூக் என்ற விஞ்ஞானி தொடங்கி நடத்திய ஒரு கோடை வகுப்பு இருந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து, உயிரியலே அறியாத பௌதிகக்காரர்களுக்குச் சில வாரங்களில் உயிரியலின் கைவேலையைக் கற்றுக்கொடுத்த வகுப்பு. குறைகடத்திகளைப் பற்றி ஆராய்ந்து டாக்டரான ஸீமோர் பென்ஸர் 1948-இல் அங்கே போய் உட்கார்ந்தார். மரபணுவின் நுண்ணமைப்பையும், பிறகு பழ ஈயின் நடத்தையையும் மரபணுவையும் இணைக்கும் புதிய சாஸ்திரத்தையும் உலகத்துக்குக் கொடுத்தார். பெரிய கட்டடமில்லை, புதிய பட்டமில்லை, இணைத்தன்மை அரசாணையில்லை. பெங்களூரில் உள்ள தேசிய உயிர் அறிவியல் மையத்திலும் மூளையின் கணிதத்தைக் கற்பிக்கும் கோடை முகாம் நடந்து வருகிறது. நம் நாட்டில் அது முடியாத காரியமல்ல என்பதற்கு அது போதும்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது இதுதான்: பணியில் இருக்கிற ஆசிரியர், வருஷத்துக்குச் சிலரேனும், சம்பளத்தோடும் பதவி மூப்புக் குறையாமலும் இரண்டு வருஷம் வேறொரு துறையில் மாணவராகச் சேர்ந்து படிக்கட்டும், ஆய்வுக்கூடத்தில் கை நனைக்கட்டும், முடிவில் அந்தத் துறையாரே, வெளியூர்ப் பரீட்சகர் ஒருவர் முன்னிலையில், அவரைப் பரீட்சித்துத் தேர்ச்சி கொடுக்கட்டும், தேர்ச்சி பெற்றவர் இரு துறைகளுக்கும் உரியவர் என்று ஓர் அரசாணை இருக்கட்டும். பட்டத்தின் பெயரைப் படித்துப் பார்த்து முடிவு செய்வதைவிட, ஆளைப் பரீட்சித்து முடிவு செய்வதில் சிபாரிசுக்கு இடம் குறைவு. மருமகனும் பூனையின் நரம்பணுவில் ஊசி குத்திக் காட்டியாக வேண்டுமே! பணம் எங்கே என்பார்கள். ஏற்கெனவே புத்தொளி, புத்தாக்கம் என்ற பெயர்களில் ஆசிரியர்களைச் சில வாரம் நாற்காலியில் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கி, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சிகளுக்குச் செலவாகிற பணத்திலிருந்து இதைத் தொடங்கலாம். அந்தப் பயிற்சிகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மதிய போஜனம் நன்றாயிருந்தது.

நாற்பது வயதுப் பேராசிரியர் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்காருவாரா என்பது வேறு கேள்வி. அதற்குப் பணமோ அரசாணையோ மருந்தல்ல. ‘ஸார்’ என்று அழைக்கப்பட்டுப் பழகிய காது, தன்னைவிடச் சிறியவன் ஒருவன் கரும்பலகையிலிருந்து திரும்பி “புரியுதா?” என்று கேட்பதைத் தாங்க வேண்டும். கலிபோர்னியாவில் வெங்கி இராமகிருஷ்ணன் தாங்கினார். அவர் சிதம்பரத்துக்கு அருகிலேயே ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளராக இருந்து, உயிரியல் வகுப்பில் உட்கார அனுமதி கேட்டிருந்தால், முதலில் சிரித்திருப்பவர் முதல்வரா, சக ஆசிரியரா, மாணவரா என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

அந்தப் பெண் போன மாதம் மற்றோர் இடத்துக்கு இணையவழியாக விண்ணப்பம் போட்டாள். பாடம் என்ற கட்டத்தில் எழுத இடமில்லை. ஒரு பட்டியல் விரிகிறது, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசியில் இருந்த ‘இதர’ என்பதை அழுத்தினாளாம். அடுத்த பக்கம் திறக்கவில்லை.